அம்மா பூட்டிய கதவு

17-3-2024, ஞாயிறு

அன்பு மகளுக்கு அப்பாவின் ஆசிகள். இங்கே இருவரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். 4-ஆம் தேதியிட்ட உன் கடிதம் 9-ஆம் தேதி கிடைத்தது. ஆக்குபேஷனல் தெரபிப் படிப்பின் கடைசித் திட்டப்பணிக்கு அம்மாவையே எடுத்துக்கொண்டு, பக்கவாதத்தில் பிடியிழந்த அவள் வலக்கைக்காகத் தடித்த பிடி வைத்த கரண்டி செய்து அனுப்பினாய். அதை உன் வழிகாட்டிப் பேராசிரியை ஏற்காமல் திருப்பிவிட்டார் என்று படித்ததும் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. கரண்டியில் என்ன குறை? அந்தக் கையால் என்ன செய்ய ஆசை என்று அம்மாவைக் கேட்டாயா என்றாராம். ஆசையைக் கேட்டா வைத்தியம் செய்வார்கள்?

ஆனாலும் 28-ஆம் தேதி கெடு என்பதால், 11-ஆம் தேதி திங்களன்று கேட்டேன். தொலைபேசியில் உனக்குப் பாதிதான் சொன்னேன், அம்மா பக்கத்திலேயே இருந்தாள். கரண்டி வேண்டாமாம். "வாசக் கதவை நானே பூட்டிட்டு வெளிய போகணும்" என்றாள். எங்கே என்றேன். "அதையும் உங்ககிட்ட சொல்லிட்டுப் போகணும்னா, நீங்களே போய்ட்டு வாங்க" என்றாள். தலை வாருவது, பொத்தான் போடுவது, ஊட்டுவது என்று பக்கவாதம் வந்த நவம்பர் 6 முதல் நான் எதில் குறை வைத்தேன் என்று கேட்டதற்கு, "ஒண்ணுலயும் வைக்கலையே, அதாங்க மூச்சு முட்டுது" என்கிறாள். இதை நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

நீ சொன்ன அளவில் தச்சர் 13-ஆம் தேதி சாவிக்கு மரப்பிடி பொருத்திக் கொடுத்தார். அன்றிலிருந்து கதவோடு மல்லுக்கட்டு. உதவப் போனால், "கைய எடுங்க, இது என் பொண்ணோட பரீட்சை, நீங்க காப்பியடிச்சுக் குடுக்காதீங்க" என்று அதட்டல். இன்று மாலை செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். வெகுநேரம் சாவி குடைகிற சத்தம். பிறகு பூட்டு விழுந்தது. படியிறங்கிப் போய்விட்டாள். நான் உள்ளே இருக்கிறேன்.

உள்ளிருந்தும் திறக்கிற பூட்டுதான், மாற்றுச் சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. பின்னாலேயே போய்ப் பார்க்க மனம் அடித்துக்கொள்கிறது. நான் திறந்துவிட்டால் அவள் பூட்டியது வீணாகிவிடுமோ என்றும் தோன்றுகிறது. உன் பேராசிரியையைக் கேட்டு எழுது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அறிக்கையில் 17-ஆம் தேதி என்பதைத் தவறாமல் குறிப்பிடு. எடுத்த காரியம் நல்லபடியாக முடிந்து நீ பட்டம் பெற வேண்டும்.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா

பி.கு.: படியில் செருப்புச் சத்தம். திறக்க எழுந்தேன். மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.