ஈரக் காதோடு ஏ ஷிப்ட்

பிப். 9, திங்கள்
காலையில் நல்ல பனி. கம்பெனி பஸ் கண்ணாடி முழுக்க வெள்ளை. ஏ ஷிப்ட்.

நேற்று கோவளம் பக்கம் கடலில் டைவிங் பயிற்சி. நானும் தங்கச்சி மெர்சியும் இரண்டு முறை சிலிண்டரோடு இறங்கினோம். பென்னலூர் வீட்டுக்கு வந்து சேர லேட். குளிக்கவில்லை, துடைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

இடது காதில் தண்ணீர் நிற்கிற மாதிரி. தலையை ஆட்டினால் கொளகொள. தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் அவ்வளவு இரைச்சல், காதில் பிளக் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பாக்கெட்டில் கிடந்த பழையதை எண்ணெய்க் கையால் உருட்டி அடைத்துக்கொண்டேன். ஷிப்ட் முடியும்வரை எடுக்கவில்லை.

அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை. போன் ரீசார்ஜ். மறக்கக் கூடாது.

பிப். 10, செவ்வாய்
காதுக்குள் ஒரே அரிப்பு. முதலில் ஹேர்பின். அப்புறம் பட்ஸ். அப்பாடா என்று இருந்தது, கொஞ்ச நேரம்.

பஸ்ஸில் பின் சீட்டில் ஒருவன்: "நேத்து ஓவர்டைம் பாத்துக்கினு வூட்டுக்குப் போனா என் கொயந்த என்னப் பாத்து அழுவுது மச்சி. யாரோன்னு நெனச்சிடுச்சு." எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பிப். 11, புதன்
வலி. மெல்ல முடியவில்லை. காது மடலைத் தொட்டாலே உயிர் போகிறது. இட்லியைப் பாலில் கரைத்துக் குடித்தேன், கண்றாவி.

அம்மா பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சினாள். "ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வராம இன்னா கடலு கேக்குது உங்களுக்கு? பொம்பளப் புள்ளைங்க மீன் மாதிரி நீந்திக்கினு." திட்டிக்கொண்டே ஊற்றினாள். இதமாகத்தான் இருந்தது.

பிப். 12, வியாழன்
தலையணையில் மஞ்சள் கறை. நாற்றம். லீவு சொல்லிவிட்டுத் தண்டலத்தில் காது டாக்டரம்மாவிடம் போனேன்.

"கடல்ல இருந்து ஏறினதும் நல்ல தண்ணில காதை அலசினீங்களா?"
"இல்ல டாக்டர்."
"காய வெச்சீங்களா?"
"இல்ல."
"பின்ன என்னதான் பண்ணீங்க?"

சொன்னேன். ஈரக் காதில் பிளக், ஹேர்பின், பட்ஸ், பூண்டெண்ணெய். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வேற எதாவது பாக்கி வெச்சிருக்கீங்களா? கடல் பண்ணதைவிட நீங்க பண்ணதுதான் ஜாஸ்திம்மா."

குழாய் விட்டுச் சீழை உறிஞ்சி எடுத்தார். மண்டைக்குள் மிக்ஸி ஓடுகிற சத்தம். கண்ணில் தண்ணீர் தானாக வந்தது, அழவில்லை. பிறகு மருந்தில் நனைத்த ஒரு திரியை உள்ளே செருகினார். சொட்டு மருந்து, வலி மாத்திரை. திரியை அவரே எடுப்பாராம். பிளக் கூடாது. குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சு. மூன்று வாரமாவது காதில் தண்ணீர் படக் கூடாது.

"ஞாயித்துக்கெழம டைவிங் டெஸ்ட் கீது டாக்டர்."
"வீக்கத்துல செவிப்பறையே எனக்குத் தெரியல. காது வேணுமா, டெஸ்ட் வேணுமா?"

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டேன். ஷேர் ஆட்டோவில் வந்து, துணி மடித்துவைத்தேன்.

பிப். 13, வெள்ளி
சூப்பர்வைசர் ஒரு வாரத்துக்கு பேக்கிங் கொடுத்துவிட்டார். அங்கே சத்தமில்லை, பிளக் வேண்டாம். பெட்டி, டேப், ஸ்டிக்கர். பெட்டி, டேப், ஸ்டிக்கர்.

டெஸ்ட், அந்தமானில் ஆட்களைக் கடலுக்குள் கூட்டிப்போய்க் காட்டுகிற வேலைக்கு. பெண்களுக்குப் பயிற்சி அந்த டைவிங் கம்பெனியே தருகிறது. ஞாயிறு கடைசி டெஸ்ட், பாஸானால் வேலை. வராதவர்கள் அடுத்த வருடம் வரலாம், முப்பதுக்குள் இருந்தால். எனக்கு ஆகஸ்டில் முப்பது. இதைத் தவிர எதற்காகவும் நான் அலாரம் அடிக்கும் முன்னால் எழுந்ததில்லை.

மெர்சி கேட்டாள்: "டாக்டரு இன்னா சொன்னாங்கக்கா?"
"சொட்டு மருந்து உட்டா சரியாப்பூடுமாம்."

பிப். 14, சனி
நாளைக்கு இறங்க வேண்டும், திரியை நானே இழுத்து எடுத்தேன். பாத்ரூம் விளிம்பில் வைத்து மறந்துவிட்டேன். போய்ப் பார்த்தபோது மெர்சி அதைப் பார்த்தபடி பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதில் சீழ் ஒட்டியிருந்தது. எடுத்துக் குப்பையில் போட்டேன்.

பிப். 15, ஞாயிறு
கடல் அமைதி. நல்ல வெயில்.

பயிற்சி சாரிடம் ஒரு வழக்கம். இறங்கும் முன் யாரும் தன்னைப் பற்றித் தானே சொல்லக் கூடாது. கூட இறங்குகிற ஜோடிதான் சொல்ல வேண்டும். நான் மெர்சியின் சிலிண்டர், பெல்ட், மாஸ்க் எல்லாம் பார்த்து "மெர்சி ரெடி சார்" என்றேன். அவள் என்னுடையதைப் பார்த்தாள். வால்வைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"மெர்சி, உன் ஜோடி ரெடியா?"

நான் அவள் கையைக் கிள்ளினேன். அழுத்தித்தான்.

"இல்ல சார். அக்காவுக்குக் காதுல சீழு. டாக்டரு எறங்கக் கூடாதுன்னு சொல்லிக்கிறாங்க போல. எங்கிட்ட மறைக்குது."

சார் என் சிலிண்டரை அவரே கழற்றினார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மெர்சி காசிமேட்டுப் பெண் ஒருத்தியோடு இறங்கினாள். நான் படகில் உட்கார்ந்து குமிழி வருவதைப் பார்த்தேன். யாரோ பிஸ்கட் கொடுத்தார்கள், தின்றேன். மெர்சி பாஸ்.

பிப். 17, செவ்வாய்
பெட்டி, டேப், ஸ்டிக்கர். அம்மா: "இன்னாடி ரெண்டு பேரும் பேசிக்க மாட்றீங்கோ?" தட்டு கழுவினேன். மெர்சி சொட்டு மருந்தைக் கையில் வைத்துச் சூடுபடுத்தி எடுத்து வந்தாள், சில்லென்று விட்டால் தலை சுற்றுமே என்று. வாங்கிக்கொண்டு நானே விட்டுக்கொண்டேன். பாதி கன்னத்தில் வழிந்தது.

பிப். 20, வெள்ளி
திரும்ப டாக்டர். வீக்கம் குறைந்திருக்கிறது. திரியை எடுத்ததற்குத் திட்டு.
"எறங்கினீங்களா?"
"இல்ல. தடுத்துட்டாங்க."
"யாரோ புண்ணியவதி. அடைச்ச காதோட எறங்கியிருந்தா பறை கிழிஞ்சிருக்கும்மா. ஆழத்துல குளிர்ந்த தண்ணி உள்ள பூந்தா தலை சுத்தும், எது மேல எது கீழேன்னே தெரியாது."

வீட்டில் இதைச் சொல்லவில்லை. கறிவேப்பிலை வாங்கினேன்.

மார்ச் 1, ஞாயிறு
வெயில் ஆரம்பித்துவிட்டது. அந்தமான் கிளம்பிய மெர்சியை ஏர்போர்ட்டில் விட்டேன். அம்மா வரவில்லை, பென்னலூர் பஸ் ஸ்டாப்பிலேயே அழுது முடித்துவிட்டாள்.

"எம் மேல கோவமாக்கா?"
"இல்ல."
"நெசமா?"
"ஃபிளைட்டு பூடும், போடி."

கோபம்தான். அவள் செய்தது சரி என்று தெரிந்தும் கோபம். அவள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் நான் உயிரோடு இருந்திருக்க மாட்டேன் என்று தெரிந்தும். அவள் உள்ளே போனதும் தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன். செக்யூரிட்டி வந்து, "இன்னாம்மா, டிக்கெட்டத் தொலச்சிட்டியா?" என்றார்.

மாலை மெசேஜ்: வந்து சேந்துட்டேன்க்கா.
ஓகே என்று அடித்தேன். அழித்தேன். பிறகு அடித்து அனுப்பியது:

"ஜலதோஷம் இருந்தா எறங்காத. எறங்க ஆரம்பிச்சதுமே மூக்கைப் புடிச்சி மெதுவா ஊது, வலிக்கிற வரைக்கும் காத்துக்கினு இருக்காத. அப்பவும் அடைச்சா மேல வா, மானம் பாக்காத. கரையேறினதும் நல்ல தண்ணில அலசு, ரெண்டு பக்கமும் சாஞ்சி வடிய உடு, துண்டால வெளிய மட்டும் தொடச்சிக்க. பின்னு, பட்ஸு, எண்ணெ எதுவும் உள்ள போவக் கூடாது. வலிச்சா அன்னிக்கே டாக்டரு. ஜோடி கிட்ட மறைக்காத."

பதில் உடனே வந்தது: சரிக்கா. சாரு கிட்ட உனக்காக இன்னொரு தபா டெஸ்ட்டு வெக்கச் சொல்லிக் கேக்கட்டா?

படித்துவிட்டேன் என்று அவளுக்கு நீல டிக் போயிருக்கும். வேண்டாம் என்று அடிக்கக் கை வரவில்லை. கேள் என்று அடிக்கவும் வரவில்லை.