தெருவை மறித்த பாவு

மார்ச் 1971. ஓட்டு போட்ட நாள், இரவு.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு ஓட்டு முழுவதும் நமக்கே என்று வேட்பாளரிடம் சத்தியம் செய்தவன் நான்தான். போன முறை சொற்ப ஓட்டில் தோற்றவர் அவர். வசூலித்த நன்கொடையையெல்லாம் ஜீப் வாடகைக்குக் கொட்டி, ஆட்களை ஏற்றிப்போகக் காலையில் முன்சீட்டில் மாப்பிள்ளை போல் வந்தேன். தெரு நீளத்துக்கும், தறியில் ஏற்ற வேண்டிய பட்டு நூல் பாவை இழுத்துக் கட்டி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுப் பாவுதான். ஜீப் நுழைய வழியில்லை. ஹாரன் அடிக்கச் சொன்னேன்.

"ஹாரன் அடிச்சா கஞ்சி காயாம நிக்குமா மாமா? இப்போ விட்டா இழையெல்லாம் ஒட்டிக்கும். நீ போய்க்கினே இரு" என்றான் மைத்துனன்.

அப்போது எங்கள் வேட்பாளரை எதிர்த்து நிற்பவரின் ஆட்கள் நடந்து வந்தார்கள். "நீங்க போய் ஓட்டு போட்டுட்டு வாங்கபா. நாங்க பிடிச்சிக்கினு இருக்கோம்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார்கள். தெருவே கிளம்பிப் போனது. நான் சலவைச் சட்டை கசங்காமல் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். இந்தத் தெருவில் பிறந்தவனுக்கு இது தோன்றவில்லையே.

சோறு போடும்போது மனைவியிடம், யாருக்குப் போட்டாய் என்று கேட்டேன்.

"நம்ம பாவைப் பிடிச்சிக்கினு நின்னவங்களுக்கு" என்றாள்.

இந்த முறை ஒரே ஓட்டில் தோற்றால், அது யார் வீட்டு ஓட்டு என்று எங்கள் வேட்பாளர் கேட்காமலிருக்க வேண்டும்.