ஓம உப்பு

ஆழ்வார்பேட்டை
15-11-1943, இரவு

சேசு மரி சூசை

அன்புள்ள ஜஹனாராவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே. உன் அம்மீக்கு வேண்டாம், பாவாவுக்கு வேண்டவே வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு. முட்டைக்கார ஜைதூன் பீக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் அவள் கூடையில் வைத்து அனுப்புகிறேன்.

நீ எட்டாம் வகுப்போடு நின்ற பிறகு உன் இடத்தில் நோரா உட்காருகிறாள். கணக்கைக் காட்டவே மாட்டாள். இப்படி ஏதாவது எழுதத்தான் ஆசை. முடியவில்லை.

உன் கழுத்துப் படர்தாமரைக்கு நான் கொண்டுவந்து தடவிய மருந்தைக் கடையில் வாங்கியதாகச் சொன்னேன். பொய். அதில் குழைத்த ஓம உப்பு, அந்தத் தைமால் பொடி, யுத்தம் வந்த பிறகு எந்தக் கடையிலும் இல்லை. அது அப்பா வேலை பார்க்கும் ராஜரத்தினம் ஐயாவின் மியூசியத்து ஓம உப்பு.

வெள்ளத்தில் நனைந்த பாரசீகக் கையெழுத்துப் புத்தகத்தை உன் பாவாதானே காயவைத்துப் புதிதாக ஒட்டித் தைத்துக் கொடுத்தார். அதில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க, தகரம் அடித்த பெட்டிக்குள் அப்பா அதை விரித்து வைத்தார். அடியில் ஒரு பல்பு, அதற்கு மேலே கண்ணாடித் தட்டு. தட்டில் ஓம உப்பைக் கொட்டி மூடி, தினம் இரண்டு மணி நேரம் பல்பை எரியவிட்டால் அந்த ஆவி பூஞ்சணத்தைக் கொன்றுவிடும். பத்து நாள் திறக்கக் கூடாது.

"தட்டுல கொட்டிட்டு மூடும்மா, நான் ஐயாவைப் பார்த்துட்டு வரேன்" என்று பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார் அப்பா. அன்று காலைதான் உன் சீட்டு வந்திருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் முடியை அவிழ்த்து வாரிப் பார்ப்பார்களாம், கழுத்தை எங்கே ஒளிப்பேன் என்று எழுதியிருந்தாய். தேங்காயெண்ணெயில் ஓம உப்பைக் குழைத்துப் போட்டால் சரியாகும் என்று கம்பவுண்டர் தணிகாசலம் சொல்லியிருந்தார். ஒரு சிட்டிகையைத் தட்டில் போட்டுவிட்டு மீதியைத் தாவணியில் முடிந்துகொண்டேன். வாசனை இல்லையென்றால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். மியூசியத்துக்குப் பின்னாலிருக்கும் எங்கள் வீட்டுக்கு ஓடி, வயிற்றுவலிக்கு அம்மா வைத்திருக்கும் ஓமத்திரவத்தை எடுத்துவந்து தட்டு நிறைய ஊற்றினேன். வாசனைதான் கொல்கிறது என்று நினைத்தேன், ஜஹனாரா. மூடிய பெட்டியில் சூடும் ஈரமும் சேர்ந்தால் என்ன முளைக்கும் என்று நினைக்கவில்லை.

பத்தாம் நாள் திறந்தார்கள். தாளெல்லாம் பச்சையும் கறுப்புமாக, பூனைக்குட்டி முதுகைப் போல ரோமம் விட்டிருந்தது. "பூஞ்சணம் பிடிக்காம இருக்கப் பசையில போடுற துத்தத்தைப் போடாம ஏமாத்திட்டான் அந்த பைண்டர்" என்றார் ஐயா. அப்பாவும் தலையாட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

சனிக்கிழமை சாமியாரிடம் செய்த பாவசங்கீர்த்தனத்தில் இதை மட்டும் விட்டுவிட்டேன். ஞாயிறு நற்கருணை வாங்கப் பயந்து வயிற்றுவலி என்றேன். அம்மா அதற்கும் ஓமத்திரவம்தான் கொடுத்தாள்.

நான் என்ன செய்யட்டும்?

உன்
மர்சலின்


மயிலாப்பூர்
19-11-1943

786

அன்பு மர்சலின்,

கிழிக்கச் சொன்னாய். மனம் வரவில்லை. அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

முதலில் உன்மேல் கோபம்தான் வந்தது. பிறகு கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று இருக்கிறது. அன்று அந்த வீட்டுப் பெண்கள் என் முடியைத் தூக்கிப் பார்த்து மாஷா அல்லா என்றார்கள். உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஐயா எல்லா இடத்திலும் சொல்லிவிட்டார். மூன்று வாசகசாலைகள் பைண்டிங்குக்குக் கொடுத்த புத்தகங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டன. பாவா வீட்டில் உட்கார்ந்து பசை காய்ச்சுகிறார். துத்தம் போட்டது ஒரு கிண்ணம், போடாதது ஒரு கிண்ணம் என்று வைத்துத் தினம் முகர்ந்து பார்க்கிறார். "ரொட்டி சுட மாவு இல்லாம நான் கீறேன், நீங்க கிண்ணத்துல கரைச்சு மோந்து பார்த்துக்கினு கீறீங்க" என்று அம்மீ சத்தம் போட்டாள். அவர், "துத்தம் போட்டேன்னு கை சொல்லுது, மனசு சொல்ல மாட்டேங்குது" என்றார்.

சொல்லிவிட வாய்வரை வருகிறது. சொன்னால் மருந்து யாருக்கு என்று கேட்பார்கள். பக்ரீத் முடிந்த வாரம் நிக்காஹ். அதுவரை நீயும் பேசாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். பிறகு நானே சொல்லிவிடுவேன். சொல்வேனா என்று எனக்கே தெரியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன்
ஜஹனாரா


ஆழ்வார்பேட்டை
26-11-1943, இரவு பத்து மணி

சேசு மரி சூசை

அன்பு ஜஹனாரா,

யுத்த இருட்டடிப்புக்காக ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருப்பதால் மெழுகுவர்த்தி வெளியே தெரியாது. அம்மா தூங்கிவிட்டாள்.

நீ கேட்டபடி ஏழு நாள் வாயைத் திறக்கவில்லை. இன்று சாயங்காலம் உன் பாவா இங்கே வந்தார். குடையை வெளியே வைத்துவிட்டு வாசலிலேயே நின்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இக்னேஷியஸ், தப்பு என்னாண்டதான் கீது நைனா. வெள்ளத்துல மூணு நாள் தூங்கல. துத்தம் போட மறந்துட்டேன் போல கீது. ஐயாவாண்ட நீயே சொல்லிடு."

"விடுங்க பாய், மறதி யாருக்குத்தான் இல்ல" என்றார் அப்பா.

பிறகு உன் பாவா என்னைப் பார்த்து, "இன்னாம்மா, படிப்பெல்லாம் எப்படிப் போய்க்கினு கீது? வீட்ல உன் பேச்சுதான்" என்று சிரித்தார். நான் அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.

செய்யாத தப்பைச் செய்ததாக அவரே நம்பிவிட்டார், ஜஹனாரா. இனி வேலை திரும்பக் கிடைத்தாலும் ஒவ்வொரு கிண்ணத்தையும் முகர்ந்துகொண்டுதானே இருப்பார். பக்ரீத் வரைக்கும் என்னால் இதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஒன்று சொல்கிறேன், பயப்படாதே. உனக்கு மருந்து தடவிய கையில், மணிக்கட்டில், எனக்கும் படர்தாமரை வந்திருக்கிறது. சட்டைப் பித்தான் அளவுக்கு வட்டமாக. நேற்று பார்த்ததும் அழுதேன். இன்று அதைப் பார்த்துத்தான் தைரியம் வந்தது. மருந்து யாருக்கு என்று கேட்டால் கையை நீட்டுவேன். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

தட்டில் ஊற்றியது, தாவணியில் முடிந்தது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். படுக்கும் முன் மியூசியத்து ஜன்னல்களைப் பார்த்துவர அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போவார். பையில்தான் சாவியும் இருக்கும். ஐயா இந்தப் பின்வீட்டைக் காலி செய்யச் சொன்னாலும் சொல்லலாம். அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

வாக்கு மீறியது நான். நீ எதுவும் சொல்ல வேண்டாம். உன் பாவாவிடம் அந்தக் கிண்ணங்களை மட்டும் கழுவி வைக்கச் சொல்.

பின்கதவு திறந்தது. அப்பா போயிருக்கிறார்.

இவ்வளவு நேரம் ஆகாது. வழக்கமாக ஒரு சுற்று சுற்றி உடனே வந்துவிடுவார்.

செருப்புச் சத்தம் கேட்கிறது. என் அறை வாசலில் வந்து நின்றுவிட்டது. அவர் கதவைத் தட்டவே மாட்டார், பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். இன்று தட்டுகிறார். ஜஹனாரா, உன் பெயரை அந்தத் தாளில் நான் எங்கேயும்