தோற்ற கட்சி கேட்ட பாலம்

என் பிரியமுள்ள மாப்ள வேலுச்சாமி,

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் நம் கட்சிப் பொறுப்பாளர்களின் ஆண்டுக் கூட்டம். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் ராஜபாளையம் வரும்வரை வாய் ஓய்ந்திருக்காது. யார் என்ன பேசினார்கள், யார் நாற்காலியிலேயே தூங்கினார்கள், எந்த ஊர்க்காரருக்குக் கோபம் வந்தது என்று ஒன்று விடாமல் பேசிக்கொண்டு வருவாய். நேற்று பேச ஆளில்லை. பேச்செல்லாம் நெஞ்சுக்குள்ளேயே கிடக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படித்தால் படிக்கட்டும், நம்மிடம் ஒளிக்க என்ன இருக்கிறது?

முதலில் வீட்டுச் சேதி. உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி ராஜாத்தி நன்றாக இருக்கிறாள். சோழபுரத்துத் தோப்பில் காய்ப்பு மோசமில்லை. கிணற்று மோட்டார் மறுபடியும் உள்ளே கம்பிச் சுருள் எரிந்து என் கடைக்கு வந்தது. வேறு யாரையும் தொடவிடாமல் நானே புதுக் கம்பி சுற்றிக் கொடுத்தேன். உன்னைப் போலவே பட்டாளத்துக்குப் போன உன் மகன், லீவு கிடைத்ததும் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்துவிட்டுப் போனான். நடை அப்படியே உன் நடை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து துஆ கேட்கும்போது என் வீட்டாரோடு உன் பெயரையும் சேர்த்துக்கொள்கிறேன். மேலே கேட்கிறவருக்கு அதில் ஆட்சேபணை இருப்பதாகத் தெரியவில்லை.

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஊர் திரும்பி, ஒரு சின்னக் கட்சிக்கு ஒன்றியச் செயலாளராகி, சம்பளமில்லாத அந்த வேலைக்காக மழையென்றும் வெயிலென்றும் பார்க்காமல் அலைந்தவன் நீ. நாம் எந்தத் தேர்தலிலும் பெரிதாக ஜெயித்ததில்லை. ஆனாலும் தேவதானத்துக்கு மேற்கே, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற குடியிருப்புக்குச் சட்டசபைத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டுப் போனபோது, “ஜெயிச்சாலும் தோத்தாலும் ஒங்களுக்கு இந்த ஓடையில பாலம் வரணும், அதுக்கு நாங்க பொறுப்பு” என்று சொல்லிவிட்டு வந்தாய். தோற்றோம். அடுத்த மாதம் நீயும் போய்விட்டாய். நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன மனுஷனைத் திரும்பக் கூட்டிவர முடியவில்லை.

அப்புறம் உன் இடத்துக்கு யார் என்ற பேச்சு வந்தது. உனக்கே தெரியும், ஒரு நாள் கடையில் டீ குடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாய்: “எனக்குப் பொறவு செண்பகந்தான் மச்சான். அவ வாய் பேசாது, காலு பேசும்.” அதை நான் கூட்டத்தில் அப்படியே எடுத்துச் சொன்னேன். உடனே பூல்பாண்டி எழுந்துவிட்டான். தேவதானத்தில் நிலமும் டிராக்டரும் வைத்திருக்கிறவன், உன்னோடு ஆரம்பத்திலிருந்தே நின்றவன். பொறுப்பு தனக்குத்தான் என்று நினைத்திருந்தான்.

“நைட்டி தைக்கிற யூனிட்டுக்குப் போற புள்ள, மேடையில ஏறி நாலு வார்த்த பேசத் தெரியாது. அவிய போய் ஒன்றியத்த நடத்துவாகளாக்கும்” என்றான்.

செண்பகம் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். சண்டை முற்றாமல் இருக்க, கட்சியின் மாவட்டச் செயலாளர் அவள் பெயருக்கு முன்னால் ‘தற்காலிக’ என்று ஒரு வார்த்தையைப் போட்டு முடித்து வைத்தார்.

அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டுதான் அவள் உன் பாலத்தைக் கையில் எடுத்தாள். யூனிட்டில் லீவு சொல்லிவிட்டு, விருதுநகர் கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்கப் போவாள். சில நாள் நான் கூடப் போவேன், பல நாள் தனியாகப் போவாள். குடியிருப்பில் வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கினாள். ஒரு வீட்டில் மட்டும் கிடைக்கவில்லை. அது அய்யாத்துரை வீடு.

அய்யாத்துரையை மறந்திருக்கமாட்டாய். நம்மைத் தோற்கடித்த கட்சிக்கு அந்த ஊரில் கிளைச் செயலாளர். நம் சுவரொட்டி ஈரம் காய்வதற்குள் கிழிப்பவன். முந்தின வருஷம் பூல்பாண்டியின் டிராக்டரில் மணல் கடத்துகிறார்கள் என்று பொய்யாக ஒரு புகார் கொடுத்து, உழவு நேரத்தில் வண்டியைப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்க வைத்தவன். செண்பகத்திடம் அவன், “கட்டுறதா இருந்தா ஜெயிச்ச நாங்க கட்டிக்கிடுதோம். தோத்தவுகளுக்கு எதுக்கும்மா இந்த வேலை?” என்றான். அவள், “சரிண்ணே, நீங்களே கட்டுங்க. அதுவரைக்கும் நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்” என்று சொல்லிவிட்டு வந்தாள். அவன் மனைவி முத்துலெட்சுமி பின்னாலேயே வந்து மோர் கொடுத்துவிட்டு, செண்பகத்தின் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டாள்.

இதற்கிடையில் அய்யாத்துரைக்குக் கிட்னி இரண்டும் கெட்டுப்போயிற்று. வாரத்துக்கு இரண்டு முறை ராஜபாளையத்துக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். ஆளே பாதியாகிவிட்டான். மகன் திருப்பூரில் வேலையில் இருந்தான். ஐப்பசியில் மழை பிடித்தது. மலையில் விடாமல் பெய்து, ஓடை ரெண்டு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. ஒரு தவணைக்கு அவனால் வர முடியவில்லை. அடுத்த தவணைக்கு முன்பே உடம்பு வீங்கி, படுத்தால் மூச்சு முட்ட ஆரம்பித்தது.

அன்றைக்கு மத்தியானம் முத்துலெட்சுமி போன் போட்டது செண்பகத்துக்கு. “அவுகளுக்கு மூச்சு வாங்குது தாயி. தீயணைப்புக்காரகளுக்குச் சொல்லியாச்சு, வழியில மரம் விழுந்து கெடக்காம், வர நேரமாகும்கிறாக. எங்க கட்சிக்காரகள்லாம் அக்கரையில நின்னு பாத்துக்கிட்டு இருக்காக.”

செண்பகம் தையல் மிஷினை விட்டு எழுந்து நேரே என் கடைக்கு வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஆட்டோ பிடித்துத் தேவதானத்துக்குப் போனோம். ஓடையைக் கடக்கக்கூடிய உயரமான வண்டி அந்த வட்டாரத்தில் பூல்பாண்டியிடம்தான் இருந்தது. தொழுவத்தில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் இறுகிவிட்டது.

“யாருக்கு? அந்த அய்யாத்துரைக்கா? இந்த வண்டியத்தான ஸ்டேஷன்ல நிறுத்துனான்? எம்புட்டு நாளு நான் அந்த வாசல்ல காத்துக் கெடந்தேன், ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்ணே.”

“பொறவு எந்த மொகத்த வச்சுக்கிட்டுக் கேக்க?”

செண்பகம் குரலை உயர்த்தவில்லை. “நீங்க வர வேண்டாம்ணே. சாவியக் குடுங்க போதும். ஓட்டத் தெரிஞ்ச ஆளக் கூட்டிட்டுப் போறேன்.”

பூல்பாண்டி அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டான். “எவன் ஓட்டுவான் என் வண்டிய? கொண்டுபோய் ஓடையில கவுத்துட்டு வருவான்” என்று முனகிக்கொண்டே ஏறி உட்கார்ந்துவிட்டான்.

கரையில் கூட்டம் நின்றது. தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. உடனே இறங்கலாம் என்று சிலர் கத்தினார்கள். செண்பகம் விடவில்லை. “செத்த நேரம் பொறுங்க, தண்ணி வடியுதான்னு பாப்போம்” என்றாள். தண்ணீர் மட்டம் தெரியக் கரையோரம் நட்டுவைத்த ஒரு குச்சியை எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் இரண்டு கட்சி ஆட்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வடக்கயிற்றைப் பிடிக்க வைத்தாள். ஒரு முனை கரையிலிருந்த புளியமரத்தில், மறுமுனை டிராக்டரில். நானும் பிடித்தேன். எனக்கு முன்னால் நின்றவன், தேர்தலன்று ஓட்டுச்சாவடி வாசலில் என் சட்டையைப் பிடித்தவன். அன்றைக்கு இருவரும் ஒரே கயிற்றைப் பிடித்து நின்றோம்.

போகும்போது வண்டி சிரமமில்லாமல் போய்விட்டது. திரும்பும்போதுதான் சோதனை. டிரெய்லரில் கட்டிலைப் போட்டு, தார்ப்பாயைக் கூரைபோல் பிடித்து, அய்யாத்துரையைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் முத்துலெட்சுமி, இன்னொரு பக்கம் செண்பகம். நடு ஓடையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி வண்டி சாய்ந்தது. எங்கள் கையில் கயிறு விண்ணென்று இழுத்தது. பூல்பாண்டி திரும்பிப் பார்க்காமல் சத்தம் போட்டான்.

“ஏலே அய்யாத்துரை, கம்பிய இறுக்கிப் புடிலே.”

அந்தப் புகாருக்குப் பிறகு அவனோடு பூல்பாண்டி பேசிய முதல் வார்த்தை அதுதான். உள்ளேயிருந்து மூச்சு வாங்கிக்கொண்டே பதில் வந்தது.

“புடிச்சுத்தாம்லே இருக்கேன். நீ வண்டியப் பாரு.”

எஞ்சின் ஒருமுறை உறுமியது, சக்கரம் கல்லைப் பிடித்தது, வண்டி மேலே ஏறிவிட்டது. ஆம்புலன்ஸ் ரோட்டில் தயாராக நின்றது. அவனை ஏற்றி அனுப்பியதும் பூல்பாண்டி டிராக்டர் சக்கரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். யாரும் கிட்டப் போகவில்லை. நீ இருந்திருந்தால் போயிருப்பாய், அவன் தோளில் ஒரு அடி போட்டிருப்பாய், இல்லையா?

அய்யாத்துரை பிழைத்துக்கொண்டான். கொஞ்சம் தேறியதும் அவன் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? செண்பகம் விருதுநகருக்குப் போகிற பஸ்ஸில் அவனும் ஏறினான். மனுவில் கையெழுத்துப் போட்டான். அவன் கட்சிக்காரர்கள் திட்டினார்களாம். “அந்தத் தண்ணிக்குள்ள ஒரு நாள் ஒக்காந்து பாத்துட்டு வந்து என்னையத் திட்டுங்கலே” என்றிருக்கிறான். அவர்கள் மேலிடத்திலும் அவனே போய்ப் பேசினான். மாசி முடிவதற்குள் பாலத்துக்கு அனுமதி வந்துவிட்டது.

அடிக்கல் நாட்டு விழாவுக்கு நம்மை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. கல்லிலும் நம் ஆள் பெயர் கிடையாது. நாங்கள் கூட்டத்தோடு கூட்டமாகத் தென்னை நிழலில் நின்றோம். பொறுக்க முடியாமல் நான், “என்னம்மா, ஒம் பேரு ஒரு ஓரத்துலயாவது இருந்திருக்கலாமே” என்றேன். அவள் சிரித்தாள். “கல்லு மேலயாண்ணே நடக்கப் போறாக? பாலத்து மேலதான நடக்கணும்.” இப்போது வேலை முடிந்து, ஆம்புலன்ஸும் பள்ளிக்கூட வேனும் வாசல் வரை போகின்றன.

இனி நேற்றைய கூட்டம். ஒவ்வொரு ஊர்ப் பொறுப்பாளரும் எழுந்து இந்த வருஷம் என்ன செய்தோம் என்று சொன்னார்கள். கூமாப்பட்டிக் குருசாமி, போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், போலீஸ் தேர்வுக்கு எழுதும் பிள்ளைகளுக்குத் தினமும் காலையில் ஓட்டப் பயிற்சி கொடுக்கிறார். எந்தக் கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லை. அதைச் சொல்வதற்கே அவர் கூச்சப்பட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது மாப்ள. நாமெல்லாம் எதற்கு இந்தக் கட்சியில் கிடக்கிறோம் என்று வீட்டில் கேட்கும்போது எனக்குப் பதில் சொல்லத் தெரிந்ததில்லை. நேற்று அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டியிருந்தால் போதும்.

கடைசியில் செண்பகத்தை எழுப்பினார் மாவட்டத்துக்காரர். நல்ல மனுஷர்தான், ஆனால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

“பாலத்துக்கு நீங்க அலைஞ்சது தெரியும்மா. ஆனா பேரு அவங்களுக்குப் போயிருச்சு. இந்த வருஷம் ஒங்க ஒன்றியத்துல கட்சிக்கு என்ன லாபம்?”

செண்பகம் எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “அய்யாத்துரை அண்ணே உசுரோட இருக்காக” என்றாள். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

மாவட்டத்துக்காரர், தற்காலிக ஏற்பாடு போதும், நம் ஒன்றியத்தை ஸ்ரீவில்லிபுத்தூரோடு சேர்த்து அனுபவசாலி ஒருவரிடம் கொடுத்துவிடலாம் என்று மேலிடம் நினைப்பதாகச் சொன்னார். நான் எழ நினைப்பதற்குள் பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பூல்பாண்டி.

“இந்தப் பொறுப்பு எனக்குன்னு மொதல்ல கத்துனவன் நாந்தான். அதனால நானே சொல்லுதேன். வேலுச்சாமி கண்ணு சரியாத்தான் பாத்துருக்கு. இந்தப் புள்ளைக்குக் கீழ நான் வேலை பாக்கேன். வேற யாரப் போட்டாலும் என் வண்டி தேவதானத்த விட்டு நகராது.”

அவனுக்கு அடுத்து குருசாமி எழுந்தார். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கை தட்டவில்லை, கோஷம் போடவில்லை. சும்மா எழுந்து நின்றார்கள். மாவட்டத்துக்காரர் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, “மேலிடத்துல நான் பேசிக்கிடுதேன். இன்னையிலருந்து செண்பகம் ஒன்றியச் செயலாளர். தற்காலிகம் கெடையாது” என்றார். செண்பகம் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். நீயும் பார்த்திருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். பார்க்க முடியுமா அங்கிருந்து?

எனக்கு இப்போது ஒரு புதுத் தொல்லை வந்திருக்கிறது மாப்ள. வரப்போகிற உள்ளாட்சித் தேர்தலில் ஒன்றியக் கவுன்சிலருக்கு அவளையே நிறுத்தப் போகிறோம். நேற்று கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அண்ணே, சேத்தூர்ல மொத கூட்டம். நீங்கதான் பேசணும்” என்றாள். நான் மைக்கைப் பழுதுபார்த்திருக்கிறேனே தவிர, அதில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் சரியென்று அவளிடம் தலையாட்டிவிட்டு வந்தேன். உன்னிடமும் சொல்கிறேன்: சேத்தூரில் ஏறுவேன், பேசுவேன். தடுமாறினாலும் பாதியில் இறங்கமாட்டேன். ஓட்டு எண்ணி முடித்த மறுநாள் தோப்புக்கு வந்து, நீ படுத்திருக்கிற இடத்தில் உட்கார்ந்து, வந்த சேதியை உள்ளபடி சொல்வேன்.

என்றும் உன் மச்சான்,
காதர் மைதீன்,
மோட்டார் கடை, ராஜபாளையம்