பெரட்டுத் தப்புக்கு எழும்பாதவள்

தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த ஈஸ்டருக்குப் பிறகு வந்த மழைக்காலம் அது. றொசல்லையில் ரயிலேறி நாம் இரண்டு பேரும் கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் சோதனைக்குப் பையைத் திறந்து காட்டினோம். இன்று காலையில் கோயிலில் தப்பு அடித்தார்கள், தங்கச்சி. அந்தச் சத்தத்தில் எல்லாம் திரும்பி வந்தது. எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே, நான் சொல்ல மகள் எழுதுகிறாள்.

என் எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோயிருந்தது. கூடப்பிறந்ததில் மிச்சமிருந்தது நீ ஒருத்தி, எனக்குக் கொடுக்க நீயே பொருந்தினாய். அந்தச் சிங்கள டொக்டரம்மா தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “எலும்புக்குள்ள தாய் செல் இருக்கு. மத்த ரத்தமெல்லாம் அதுலதான் பிறக்குது. ஆனா சும்மா எழும்பாது. பக்கத்துல உள்ளது ‘தூங்கு’ன்னா தூங்கும், ‘எழும்பு’ன்னா எழும்பும்.”

“பெரட்டுத் தப்பு மாதிரிங்களா?” என்றாய் நீ. அவருக்குப் புரியவில்லை. விடியுமுன்னே தப்படித்து, தேயிலைத் தோட்டத்து லய வீட்டு ஆட்களை வேலைப் பெரட்டுக்குக் கூப்பிட்ட கதையை நீதான் சிங்களத்தில் விளக்கினாய். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

தாய் செல்லை எழுப்பி ரத்தத்துக்குள் இறக்க உனக்கு ஊசி போட்டார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “எலும்புக்குள்ள ஒரு தோட்டமே பெரட்டுக்குக் கிளம்புதுண்ணே” என்றாய். உன் ரத்தத்திலிருந்து எடுத்ததை என் கை நரம்பில் விட்டார்கள். எலும்புக்குப் போக அதற்கு யார் வழி காட்டுவார் என்று கேட்டேன். “உள்ள இருந்து கூப்பிடும் ஐயா, அதுக்குக் கேக்கும்” என்றார் டொக்டரம்மா.

கேட்டது. மெல்ல மெல்ல என் ரத்த வகையே மாறி உன்னுடையதாகிவிட்டது. “இனி உனக்கு வாய் நீண்டா என்னையத்தான் ஏசுவாங்க” என்று எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்தாய்.

போன வருஷம் நெஞ்சு வலிக்குதென்று உட்கார்ந்தவள், ஆஸ்பத்திரிக்கென்று ஹட்டன் போய்ச் சேருமுன்னே போய்விட்டாய். உன் குழியில் மண் போட்ட கையில் ஓடினது உன் ரத்தம். அதை யாரிடம் சொல்வேன்.

இப்போது மறுபடியும் எனக்கு ரத்தம் குறைகிறது. தாய் செல் கொஞ்சம் இருக்கிறதாம், எழும்ப மாட்டேன் என்கிறதாம். எழுப்புவதற்கு மாத்திரை தந்திருக்கிறார்கள். “சத்தம் குடுத்துப் பார்ப்போம் ஐயா. அதுக்குக் கேக்குமான்னு இப்ப சொல்ல முடியாது” என்றார் டொக்டரம்மா. நான் போவதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. நான் போனால் உன்னை இன்னொரு தரம் புதைக்க வேண்டும்; அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

நீ என்றைக்குத் தப்புச் சத்தத்துக்கு எழும்பினாய்? கங்காணி கதவைத் தட்டி, “லயமே எழும்பிருச்சு, மகாராணிக்கு இன்னும் விடியலையோ?” என்று கத்துவார். நீ புரண்டு படுப்பாய். அம்மா என்னை அனுப்புவாள். நான் கத்த மாட்டேன். தலைமாட்டில் நின்று ஒரு தரம் பேர் சொல்வேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பிவிடுவாய்.

மாத்திரையை விழுங்கிவிட்டு, இடுப்பெலும்பில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நம் அம்மா பெற்றதில் மிஞ்சியது நான் ஒருத்தன்தான் என்று லயத்தில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

எழும்பு, சரசு.