ஃபெஸ்டஸ் பெரியப்பாவின் நெற்றி

கில்வர்னா,
தவக்காலத்து முதல் ஞாயிறு, மதியம்

அன்புள்ள மகள் நெஸ்ஸாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நாயும் ஆண்டவர் தயவில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே பெர்த் வெயிலில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று தினசரி ஜெபத்தில் உன் பெயரைத்தான் முதலில் சொல்கிறோம், நாயின் பெயரை இரண்டாவதாக. விஷயத்துக்கு வருமுன் ஒரு பாவத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எப்படியும் ஃபிலோமினா வழியாக அது உன் காதுக்கு வந்து சேரும், அவள் வாயால் வருவதற்குள் என் கையால் வந்துவிடட்டும். சாம்பல் புதன்கிழமை, ஒருசந்தியும் சுத்தபோசனமுமான நாள், இறைச்சி வாயில் படக்கூடாத நாள், நெற்றியில் கட்டைவிரல் அகலத்துக்குச் சாம்பல் சிலுவையை வைத்துக்கொண்டு, பெட்ரோல் பங்குக்குப் பின்னால் காரை மறைவாக நிறுத்தி, உன் அப்பாவாகிய நான் பன்றி இறைச்சி ரோல் தின்றேன். இரண்டு தின்றேன். இரண்டாவதில் பாதி வாயில் இருக்கும்போது கண்ணாடியை யாரோ தட்டினார்கள். கோயில் பங்கு அலுவலகத்து ஃபிலோமினாவேதான். ஊரில் இத்தனை பேர் இருக்க அவளுக்கா அன்றைக்கு டயரில் காற்று இறங்க வேண்டும்? கண்ணாடியை இறக்கினேன். அவள் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. "கோல்மன், வாயோரத்துல தவக்காலம் ஒட்டியிருக்கு, தொடச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு டயருக்குக் காற்றடிக்கப் போய்விட்டாள்.

ஏன் தின்றேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், அதோடு இதைச் சொல்லும்போது என் முகத்தை நீ பார்க்க வேண்டாம் என்றும் தோன்றியது.

இங்கே நிலைமை உனக்குத் தெரியும். ஃபாதர் கியரன் இப்போது மூன்று பங்குகளைப் பார்த்துக்கொள்கிறார். மனிதர் பூசை வைப்பதைவிட வண்டி ஓட்டுவதுதான் அதிகம். அதனால் சாம்பல் புதனன்று வீட்டைவிட்டு வரமுடியாத நோயாளிகளுக்குச் சாம்பல் கொண்டுபோகும் வேலையை நற்கருணை கொடுக்கும் எங்களில் நாலு பேருக்குப் பிரித்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை மண்டபத்தில் எல்லாரும் கூடிப் பான்கேக் சுட்டுத் தின்றோம். நான் வீசிப்போட்ட ஒன்று மேலே போய் மின்விளக்கின் கூண்டில் உட்கார்ந்துகொண்டது, தவக்காலம் முழுக்க அது அங்கேயேதான் இருக்கும் போலிருக்கிறது. மறுநாள் காலைப் பூசை முடிந்ததும், போன வருடத்துக் குருத்து ஞாயிறு ஓலைகளை எரித்துச் சலித்து மந்திரித்த சாம்பலை ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். ஆளாளுக்கு அழகான சிமிழ் கொண்டுவந்திருந்தார்கள். நான் மறந்துபோய்க் கோட்டுப் பையிலிருந்த இருமல் மிட்டாய் டப்பாவை நீட்டினேன். ஃபாதர் ஒரு நிமிடம் அதைப் பார்த்தார், பிறகு ஒன்றும் சொல்லாமல் கொட்டினார். ஆக இந்த வருடம் நம் பங்கில் மூன்று நெற்றிகளில் யூகலிப்டஸ் வாசனை. என் பட்டியலில் மூன்று பெயர். முதலிரண்டும் ஃபிலோமினாவின் தட்டச்சு. மூன்றாவது, கீழே, நீல மையில், கையால் எழுதியது. முப்பது வருடமாகப் பார்க்கிறேன், உன் அம்மா கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஃபெஸ்டஸ், டெரிமோர் என்று எழுதியிருந்தது.

பெரியப்பாவுக்கு நுரையீரலில் ஏதோ கோளாறு என்று அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். கோளாறு இல்லை மகளே, புற்று. ஈஸ்டர் பார்த்தால் பெரிது என்று டாக்டர் அட்ராக்டா பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறார். நீ நர்ஸ், அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கும் அவருக்கும் சண்டை நடந்தபோது உனக்குப் பதினைந்து வயது, முழுவதும் தெரிந்திருக்காது. டெரிமோர் சிற்றாலயத்தைப் பூட்டிவிட்டு ஞாயிறு பூசையை இங்கே பெரிய கோயிலோடு சேர்த்துவிடலாமா என்று பங்குப் பேரவையில் கைதூக்கச் சொன்னார்கள். பூட்டலாம் என்று ஏழு கை, வேண்டாம் என்று ஆறு. ஏழில் ஒன்று என்னுடையது. அது கட்டும்போது எங்கள் அப்பா ஏணியில் ஓடு சுமந்து ஏறிய கோயில். பெரியப்பா வீட்டு ஜன்னலைத் திறந்தால் தெரிகிற கோயில். கூரை ஒழுகியது, சாமியார் கிடைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை வந்ததே பதினொரு பேர். நான் செய்தது சரிதான். ஆனால் அந்தச் சரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பதினொரு வருடமாக எனக்குத் தெரியவில்லை. அன்று வெளியே வந்ததும் பெரியப்பா, "அப்பா சுமந்து ஏத்துன கூரைய நீ ஒரு கையத் தூக்கி எறக்கிட்டியேடா" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு ஆற்றைத் தாண்டிப் பாலின்ட்ரா பங்குக்குத்தான் பூசைக்குப் போவார். ரோட்டில் எதிரே வந்தால் வணக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவோமே, இந்த ஊரில் ஆடு திருடியவனுக்குக்கூட அந்த விரல் உண்டு, எனக்கு மட்டும் கிடையாது.

முதல் வீடு கன்செப்டா அம்மாள். தொண்ணூற்று மூன்று முடிந்துவிட்டது. சாம்பல் வைக்கும்போது சொல்ல இரண்டு வாக்கியம் உண்டு, எது வேண்டுமோ சொல்லலாம். பழையதையே சொன்னேன், நீ மண்ணாயிருக்கிறாய் மண்ணுக்கே திரும்புவாய் என்று. "அது தெரியும்ப்பா, தேதி தெரிஞ்சா சொல்லு, முடி வெட்டிக்கணும்" என்றாள். சரி, நோயாளியிடம் மண் பேச்சு வேண்டாம் என்று, இடுப்பெலும்பு முறிந்து கிடக்கும் ஜார்லத்திடம் மற்றதைச் சொன்னேன், மனம் திரும்பி நற்செய்தியை நம்பு. அவன் கண்ணைத் திறந்து, "எங்கேர்ந்து திரும்புறது கோல்மன், இந்தப் பக்கம் படுத்தா அந்தப் பக்கமே திரும்ப முடியல" என்றான். இருவரிடமும் சிரித்துவிட்டு வந்து காரில் உட்கார்ந்தேன். வண்டியைக் கிளப்பிய பிறகுதான் பட்டியலின் மூன்றாவது பெயர் கண்ணில் பட்டது. சாகக் கிடக்கிற மனிதர் முகத்துக்கு நேரே நீ மண் என்று எப்படிச் சொல்வது? சரி, மனம் திரும்பு என்று சொல்லலாமா? பதினொரு வருடம் கழித்து வீட்டுக்குள் நுழைந்து, நான் அண்ணனைப் பார்த்து, நீ திருந்து என்பதா? திருச்சபைக்கு இருப்பதே இரண்டு வாக்கியம், இரண்டும் எனக்கு உதவாது. பெட்ரோல் பங்கில் திரும்பியது அப்போதுதான். இருபது நிமிடம் அந்த இரண்டு வாக்கியத்தையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன், சும்மா இருந்த கை கடைக்குப் போய் ரோல் வாங்கி வந்துவிட்டது. ஃபிலோமினா தட்டியிராவிட்டால் மூன்றாவதும் வாங்கி, அப்படியே வீட்டுக்குத் திரும்பியிருப்பேன் என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை. அவளுக்கு முன்னால் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்ப வெட்கப்பட்டுத்தான் டெரிமோர் பக்கம் திருப்பினேன்.

கதவைத் திறந்தது அட்ராக்டா பெரியம்மா. "வாங்க" என்றார். முன்பெல்லாம் வா கோல்மன், சாப்டியா என்பார், அந்த 'ங்க' எனக்குப் புதிது. பெரியப்பா அடுப்போரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். எண்பது கிலோ ஆள், இப்போது மேல்சட்டைதான் பெரியதாகத் தெரிகிறது. என்னை மேலும் கீழும் பார்த்து, "வழி தவறிட்டியா, இல்ல வேணும்னேதான் வந்தியா" என்றார். டப்பாவைத் திறந்து காட்டினேன். மோந்து பார்த்து, "என்னடா இது, சாம்பலா இருமல் மருந்தா, ரெண்டும் எனக்கு லேட்டு" என்றார். பிறகு, "அதுக்கு ரெண்டு வசனம் இருக்குமே. எதச் சொல்லித் திட்டப் போற? செத்துப் போன்னா, இல்ல திருந்துன்னா?" என்று கேட்டார். வழியெல்லாம் நான் உருட்டிக்கொண்டு வந்ததை அவர் ஒரே மூச்சில் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். கட்டைவிரலைச் சாம்பலில் தோய்த்து அவர் நெற்றியில் வைத்தேன். எலும்புதான் தட்டுப்பட்டது. வாயைத் திறந்தேன். ஞாயிறு தவறாமல் பன்னிரண்டு வருடமாக நற்கருணை அப்பம் கொடுக்கும்போது இந்த வாய் எதைச் சொல்லிப் பழகியதோ அது வந்துவிட்டது. "கிறிஸ்துவின் திருவுடல்" என்றேன்.

அவரும் பழக்கத்தில், "ஆமென்" என்றார்.

பெரியம்மா தேநீர்ப் பாத்திரத்தோடு வாசற்படியில் அப்படியே நின்றார். முதலில் பெரியப்பாவின் தோள் குலுங்கியது, நான் பயந்துபோனேன், பார்த்தால் சிரிப்பு. சிரித்து, இருமி, குழாய் கழன்று, பெரியம்மா ஓடி வந்து மாட்டிவிட்டு என்னை முறைத்து, மறுபடி சிரித்து, "எதக் குடுத்தாலும் ஆமென் சொல்லிப் பழகிட்டேன்டா" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. சரியானதைத் திரும்பச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேணாம், இதுவே இருக்கட்டும். மத்த ரெண்டும் எனக்கே தெரியும்" என்றார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஜன்னலில் பூட்டிய கோயில் தெரிந்தது, மழையில் கறுத்துப்போய். அவர் அதைப் பார்த்துக்கொண்டே, "கூரை ஒழுகுச்சுதான். நான் இல்லேன்னு சொல்லல. கையத் தூக்கறதுக்கு முந்துன நாள் என்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றார். ஆமாம் என்றேன். இந்த ஒரு 'ஆமாம்' இத்தனை வருடம் என் வாயில்தான் கிடந்திருக்கிறது, எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒருசந்தி என்று பால் விடாத தேநீர் குடித்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு என் முழங்கையைப் பிடித்திருந்தார். தூங்கிவிட்டார் என்று எழுந்தால், "நெஸ்ஸா எப்ப வருவா" என்றார். சீக்கிரம் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான். உன் வேலை, உன் விடுப்பு எனக்குத் தெரியும், வற்புறுத்தவில்லை, ஆனால் வருவதென்றால் குருத்து ஞாயிறுக்கு முன்னால் வா. முடியாவிட்டால் போன் பண்ணு, காலையில் பண்ணு, மத்தியானத்துக்கு மேல் அவருக்குக் குரல் இருப்பதில்லை. அழாதே, அழுதால் திட்டுவார். மாடுகளைப் பற்றிக் கேள், அது போதும்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையும் அதற்குப் பிறகு மண்டபத்தில் கஞ்சி மாதிரி ஒரு சூப்பும். ஐந்தாம் நிலை வாசிக்க வேண்டியது நான், சீமோன் இயேசுவின் சிலுவையைத் தாங்குகிற இடத்தில் நிறுத்தி மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தேன், ஃபிலோமினா கைக்குட்டை கொடுத்தாள், ரோல் விஷயத்தில் பாதி தண்டனையைக் குறைத்துவிட்டாள் என்று நினைக்கிறேன். சூப் மேசையில் நான் சும்மா இருக்கவில்லை, உனக்குத்தான் என்னைத் தெரியுமே. டெரிமோருக்குப் போன கதையை மூன்று மேசையிலும் சொன்னேன், ஒவ்வொரு மேசையிலும் மழை கொஞ்சம் பலமாகப் பெய்தது. ஃபாதர் கியரனிடம், நான் மட்டும் போகாவிட்டால் என் அண்ணன் வாழ்க்கையிலே கடைசித் தவக்காலத்தைச் சாம்பலில்லாத நெற்றியோடு தொடங்கியிருப்பார் என்றேன். அவர் என் தோளைத் தட்டினார். ஒரு ஆளுக்காவது நான் பிரயோசனப்பட்டேன் என்று அன்று நன்றாகத் தூங்கினேன். தவக்காலத்துக்கு ஏதாவது ஒன்றைத் துறக்க வேண்டுமே, நான் தேநீரில் சர்க்கரை போடுவதை விட்டுவிட்டேன். என்னைக் குறை சொல்வதை அம்மா விட்டிருக்கிறாள், புதன்கிழமை பதினொரு மணிவரை தாக்குப்பிடித்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தொடாதே. வெயில் ஊரென்று ஆண்டவர் விலக்குக் கொடுக்கவில்லை, இதை ரோல் தின்றவன் சொல்கிறேன், இருந்தாலும் சொல்கிறேன். வெளியே போனால் தொப்பி போடு. ராத்திரி வேலை முடிந்து தனியாக நடக்காதே. பெரியப்பாவுக்குப் போன் பண்ண மறந்துவிடாதே. மாதாவின் காவல் உன்மேல் இருக்கட்டும், உன் தலைமேல் என் கையும் அம்மா கையும் இருப்பதாக நினைத்துக்கொள்.

என்றும் உன் நினைவோடு,
உன் அப்பா,
கோல்மன்

பி.கு. ஒட்டுமுன் கடிதத்தை அம்மா வாங்கிப் படித்தாள். "இவ்ளோ பெருமையடிச்சிருக்கியே, இதையும் சேத்து எழுது" என்றாள். வெள்ளிக்கிழமை அட்ராக்டா பெரியம்மா அவளிடம் சொன்ன விஷயமாம், என்னிடம் சொல்லக்கூடாது என்ற பேச்சோடு. புதன்கிழமை ஒன்பதரைக்கே பாலின்ட்ரா சாமியார் வந்து பெரியப்பா நெற்றியில் சாம்பல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வாசலில் என் கார் திரும்புவதைப் பார்த்ததும் பெரியப்பா நெற்றியைத் துடைக்க ஒரு ஈரத்துணி கேட்டாராம்.