அக்கா எழுதிய பத்துப் புகார்க் கார்டுகள்

அக்கா,

இன்று காலை கொண்டாப்பூர் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்ததும் அச்சு மை வாசனை. நமக்குப் பாதியில் நின்றுபோன அந்தக் கப்பல்காரியின் சித்திரக்கதை, முழுத் தொகுப்பாக, வண்ணத்தில், கெட்டி அட்டையோடு வந்திருக்கிறது. நான் முதல் பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை, அதற்குள் வாசகர் வாட்ஸப் குழுவில் ஒருவர் அட்டையின் நிறம் சரியில்லை என்று ஆரம்பித்துவிட்டார். உன் வாரிசுகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

சின்ன வயதில் நாம் இருந்த லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு, அந்தக் கதை தொடராக வந்த இதழ் மாதம் ஒருமுறை தபாலில் வரும். நீதான் முதலில் படிப்பாய், குறையும் கண்டுபிடிப்பாய். ஒருமுறை கப்பல்காரியின் பக்கங்களைச் சுருக்கி, எழுத்தையும் பொடியாக்கிவிட்டார்கள். "ஒருத்தி எழுதினா எவன் மதிப்பான்?" என்று பத்து போஸ்ட் கார்டு வாங்கிவந்து, காலனிக்காரர்கள் பத்துப் பேர் பெயரில் எழுதினாய். அதில் நாலு பேருக்குத் தமிழே எழுத வராது.

"நக்கோ அக்கா, வேணாம், மாட்டிக்குவோம்."

"போடா. நல்லா இருக்கிற கதைக்குத்தான் சண்டை போடணும்."

மூன்றாம் மாதம் அறிவிப்பு வந்தது. வாசகர்களின் புகார்களை ஏற்று இத்தொடர் நிறுத்தப்படுகிறதாம். அன்று நீ சாப்பிடவில்லை. நான் உன்னைக் 'கொலைகாரி' என்று கூப்பிட ஆரம்பித்தேன். உனக்குக் கல்யாணமாகிக் குழந்தைகள் பிறந்த பிறகும் விடவில்லை.

அதற்குப் பிறகு நீ யாரைப் பற்றியும் எங்கேயும் புகார் சொன்னதில்லை. செகந்திராபாத் ஓட்டலில் பிரியாணியில் கல் கடிபட்டபோதும், "வேணாம்டா, நான் வாயைத் திறந்தா கடையையே மூடிடுவாங்க" என்று சிரித்தாய். போன வருஷம் நீ போய்ச்சேரும்வரை அப்படித்தான்.

பத்துக் கார்டுக்காக ஒரு தொடரை நிறுத்துவார்களா? இன்று எனக்குக் குடைச்சல் தாங்கவில்லை. பதிப்பகத்துக்குப் போன் போட்டேன். பழைய ஆசிரியரின் மகன் எடுத்தார். லாலாகுடா என்றதும் சிரித்துவிட்டார்.

"அந்தப் பத்துக் கார்டா? எல்லாத்துலயும் ஒரே கையெழுத்து சார். அப்பா பத்திரமா வெச்சிருந்தார். அந்தக் கதை விக்கவே இல்ல, அந்த மாசத்தோட நிறுத்துறதாத்தான் இருந்தது. ஒரு ஆள் இவ்ளோ மெனக்கெட்டுத் திட்டுதுன்னா, அந்த ஆளுக்காகவே இன்னும் ரெண்டு இதழ் போடுவோம்னார் அப்பா. திட்டுறவங்க எங்கயும் போக மாட்டாங்க சார். சத்தமில்லாம நிறுத்திக்கிறவங்களை நெனச்சாத்தான் எங்களுக்குப் பயம்."

"அப்புறம் ஏன் புகார்னு போட்டீங்க?"

"விக்கலைன்னு போட்டா ஏஜென்ட்டுங்க மத்த புத்தகத்தையும் எடுக்க மாட்டாங்களே!"

ஒரே ஒரு போன், அக்கா. இத்தனை வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். கேலி செய்வதில் எனக்கிருந்த ருசி, கேட்டுத் தெரிந்துகொள்வதில் இல்லாமல் போயிற்று. அதற்கு என்னை மன்னித்துவிடு.

நீ யாரையும் கொல்லவில்லை. சாகக் கிடந்தவளுக்கு இரண்டு மாத உயிர் கொடுத்திருக்கிறாய். அந்தக் கடைசி இரண்டு இதழ்களும் உன் கார்டுகள் வாங்கித் தந்தவை என்று தெரியாமல், நான்தான் முதலில் படிப்பேன் என்று உன் கையிலிருந்து பிடுங்கினேன்.